வாக்கும் வாழ்வும்

வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் மைந்தர் அனைரின் பெவன். தாமும் சுரங்கத்தில் உழைத்தவர். 1929 முதல் 1960 வரை பிரித்தானியப் பாராளுமன்றத்தில் நலிந்த சுரங்க ஊர்களுக்காக வாதாடினார். 1948 யூலையில், சுகாதார அமைச்சராகக் கட்டணமில்லா மருத்துவ சேவையைத் தொடக்கி வைத்தார்.

அதே ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் செய்தது யாது? குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1947இல் திரு. தொண்டமானை நுவரெலியாவில் தெரிவு செய்த மக்கள், 1952இல் வாக்கிழந்து நின்றனர். தேர்தல் வழியே அவர் மீண்டும் சபை புகுந்தது 1977இற்றான்!

வாக்கற்றவன் குரல் சபையேறாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? இன்று வாக்குண்டு, எனினும் லயன் அறைகள் ஒழிந்தபாடில்லை. பிழைப்புத் தேடிக் கொட்டாஞ்சேனைக் கடைகளுக்கு வரும் மலைநாட்டு இளைஞரைக் காணும் நாம் வாளாவிருத்தல் தகுமோ? வாக்குக் கேட்டு வருவோரிடம், அம்மக்களுக்குச் சொந்தக் காணியும் வீடும் எப்போதென்று கேட்போமாக!