வேலியோரம் நிற்பவர் உளவாளி அல்ல

விமான நிலைய மதிலுக்கு வெளியே, பொதுச் சாலையில், நீண்ட லென்ஸ் பூட்டிய கேமராவோடு ஒருவர் நின்றால் போதும். 'இவன் எதற்கு பிளேனைப் படம் எடுக்கிறான்? நம்பரை வேறு எழுதிக்கொள்கிறானே!' என்று நம்மில் பலருக்கும் சந்தேகம் வந்துவிடுகிறது. காவலாளி விசில் ஊதுகிறார். போகிற வண்டிகள் மெதுவாகின்றன. யாரோ ஒருவர் 100க்கு போன் போடுகிறார். விமானத்தைப் படமெடுப்பதும் அதன் பதிவு எண்ணைக் குறித்துவைப்பதும் உளவு வேலை, அல்லது உளவுக்குத் துணைபோகும் வேலை என்ற நம்பிக்கை தெருவில் நிற்பவரிடமும் இருக்கிறது, அதிகாரியிடமும் இருக்கிறது. நீதிபதிகளே நம்பியதும் உண்டு. குற்றமற்றவர்களைச் சிறைக்கு அனுப்பிய நம்பிக்கை இது. அதனால்தான் இதைக் கடுமையாக மறுக்க வேண்டியிருக்கிறது.

கிரேக்க நாட்டின் தெற்கே கலமாட்டா என்ற ஊரில் ஒரு விமானப்படைத் தளம் இருக்கிறது. 2001 நவம்பரில் அங்கே நடந்த விமானக் கண்காட்சியைப் பார்க்கப் போன 12 பிரிட்டிஷ்காரர்களும் 2 டச்சுக்காரர்களும் கைது செய்யப்பட்டார்கள். விமானப் பிரியர்களுக்கென்றே ஏற்பாடான சுற்றுலா அது. கணவருக்குத் துணையாகப் போயிருந்த ஒரு பெண்ணும் அவர்களில் ஒருவர். விமான எண்களைக் குறித்துவைத்த நோட்டுப் புத்தகங்கள் அவர்களுக்கு எதிரான சான்றாக மாறின. ஒரு மாதத்துக்கும் மேல் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் ஊர் திரும்பினார்கள். 2002 ஏப்ரலில் நீதிமன்றம் எட்டுப் பேருக்கு உளவுக் குற்றத்துக்காக மூன்றாண்டுச் சிறையும், மீதி ஆறு பேருக்கு உடந்தையாக இருந்ததற்காக நிறுத்திவைக்கப்பட்ட ஓராண்டுச் சிறையும் விதித்தது. அந்த ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் பதினான்கு பேரும் விடுதலையானார்கள். பிடிபட்ட நாளிலிருந்து விடுதலையாகும்வரை ஓராண்டு அவர்கள் தலைமேல் உளவாளிப் பட்டம் இருந்தது. யாருக்காக உளவு பார்த்ததாக நினைத்தார்கள்? பிரிட்டன், நெதர்லாந்து, கிரேக்கம் மூன்றுமே நேட்டோ கூட்டணியில் தோளோடு தோள் நிற்கும் நாடுகள். சந்தேகம் என்று வந்துவிட்டால் இந்தச் சின்னக் கேள்வியைக்கூட யாரும் கேட்பதில்லை.

அந்த நோட்டுப் புத்தகத்தில் இருந்தவை வெறும் எண்கள். விமானத்தின் மேல் எண் எதற்காக எழுதப்பட்டிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தாலே இந்தக் குற்றச்சாட்டு ஆட்டம் காணும். பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்துக்கு அடிப்படையான 1944ஆம் ஆண்டு சிகாகோ ஒப்பந்தத்தின் 20ஆவது பிரிவு, நாடு விட்டு நாடு பறக்கும் ஒவ்வொரு விமானமும் தன் நாட்டுக் குறியையும் பதிவுக் குறியையும் தாங்கியிருக்க வேண்டும் என்கிறது. இந்திய விமானத்தின் உடலில் விடி என்று தொடங்கும் எழுத்துகளும், இலங்கை விமானத்தில் 4ஆர் என்பதும், சிங்கப்பூர் விமானத்தில் 9வி என்பதும் அதனால்தான் இருக்கின்றன. ஊரார் படிக்க வேண்டும் என்றே சட்டம் போட்டுப் பெரிதாக எழுதிவைத்ததை ஒருவர் படித்துக் குறித்துக்கொண்டால் அதில் குற்றம் எங்கே வந்தது? இதே ஒப்பந்தத்தின் 36ஆவது பிரிவு படமெடுப்பதைப் பற்றியும் பேசுகிறது. ஒரு நாட்டின் மேலே பறக்கும் விமானத்தில் இருந்தபடி கேமராவைப் பயன்படுத்துவதை அந்த நாடு தடுக்கலாம் என்கிறது அது. மேலிருந்து தரையைப் படமெடுப்பதைப் பற்றித்தான் அன்றைய அரசுகள் கவலைப்பட்டன. தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவனைப் பற்றிய பயம் அந்தப் பிரிவில் இல்லை.

தொழில்நுட்பமும் இந்த நம்பிக்கையைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. இன்றைய பயணிகள் விமானங்கள் தாம் யார், எங்கே, எந்த உயரத்தில், எந்த வேகத்தில் பறக்கிறோம் என்பதை ஏடிஎஸ்-பி என்ற முறையில் வானொலி அலையில் ஓயாமல் அறிவித்துக்கொண்டே போகின்றன. மறைகுறி ஏதும் இல்லாத அறிவிப்பு அது. சில ஆயிரம் ரூபாய்க் கருவியும் மொட்டை மாடியில் ஒரு சிறிய ஆன்டெனாவும் இருந்தால் யாரும் கேட்கலாம். 2006இல் ஸ்வீடனில் தொடங்கிய ஃப்ளைட்ரேடார்24 என்ற இணையதளம் உலகெங்கும் ஆர்வலர்கள் வைத்த இப்படிப்பட்ட கருவிகளால்தான் வளர்ந்தது. மகனையோ மகளையோ வெளிநாட்டுக்கு அனுப்பிய பெற்றோர் இரவெல்லாம் விமானம் நகர்வதை அதில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். படைத்தளங்களின் கதையும் இதுதான். 2014இல் ஏவப்பட்ட வேர்ல்ட்வியூ-3 என்ற வணிகச் செயற்கைக்கோள் 31 சென்டிமீட்டர் துல்லியத்தில் தரையைப் படமெடுக்கும். காசு கொடுத்தால் வாங்கலாம். பகை நாட்டு உளவுத்துறையிடம் இதைவிடக் கூர்மையான கண்கள் உண்டு. தாம்பரத்திலோ சூலூரிலோ மதிலோரம் ஒரு கல்லூரி மாணவனை நிறுத்திவைத்து அது தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றும் இல்லை.

சரி, அந்த மாணவன் என்னதான் பார்க்கிறான்? அரக்கோணத்துக்கு மேலே போகும் கடற்படையின் பி-8ஐ விமானம் பார்ப்பவர் கண்ணுக்குச் சாதாரண போயிங் 737 மாதிரியே தெரியும். அவன் சிறகு நுனியைப் பார்ப்பான். நம் ஊர் 737களில் நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். பி-8ஐயில் அது பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இன்ஜின் உறையின் பின்விளிம்பு ரம்பப் பல் போல இருந்து, இறக்கை வில்லாக வளைந்தால் 787 என்பான். விமானி அறைக் கண்ணாடியைச் சுற்றிக் கறுப்புப் பட்டை இருந்தால் ஏ350. தஞ்சாவூர்த் தளத்தின் சுகோய்-30க்கு முன்பக்கம் இருக்கும் சின்னஞ்சிறு இறக்கைகள் அதன் மூதாதையான சுகோய்-27இல் இல்லை. வேடந்தாங்கலில் பைனாகுலரோடு நின்று கூழைக்கடாவின் காலில் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பவரை நாம் மரியாதையோடு ஆர்வலர் என்கிறோம். வானத்தில் போகும் இன்னொன்றை அதே பொறுமையோடு பார்ப்பவரைக் காவல் நிலையத்துக்கு அனுப்புகிறோம்.

இந்தக் கண்களின் தயவில் ஒரு நாடு உயிர் பிழைத்த கதையும் உண்டு. 1939 செப்டம்பர் 6ஆம் தேதி, இரண்டாம் உலகப் போர் தொடங்கிய முதல் வாரத்திலேயே, பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் தம் படையின் இரண்டு ஹரிகேன்களை எதிரி என்று நினைத்துச் சுட்டு வீழ்த்தின. ஒரு விமானி இறந்தார். அடையாளம் தெரியாமை எவ்வளவு கொடியது என்று அன்றே தெரிந்துபோயிற்று. அன்றைய ராடார்கள் கடலைத்தான் பார்த்தன. எதிரி விமானம் கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அதைத் தொடர்ந்து பார்த்துச் சொன்னவர்கள் அப்சர்வர் கோர் என்ற தொண்டர் அணியினர். கடைக்காரர்கள், ஆசிரியர்கள், விவசாயிகள் பைனாகுலரும் தொலைபேசியுமாக நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவல் இடங்களில் இரவும் பகலும் நின்றார்கள். 1941இல் மன்னர் அந்த அணிக்கு 'ராயல்' என்ற அடைமொழியைக் கொடுத்தார். அதே ஆண்டு விமானங்களை அடையாளம் காணக் கற்றுத்தருவதற்கென்றே 'தி ஏரோப்ளேன் ஸ்பாட்டர்' என்ற இதழ் வெளிவரத் தொடங்கியது. 1944 நார்மண்டிப் படையெடுப்பில் ஏறக்குறைய 800 பேர் இந்த அணியிலிருந்து கப்பல்களில் ஏறினார்கள். சொந்த விமானத்தைத் தம் பீரங்கியே சுட்டுவிடாமல் தடுப்பது அவர்கள் வேலை. சிறுவர்கள் விமான நிழலுருவங்களை மனப்பாடம் செய்தபோது யாரும் அவர்களை உளவாளி என்று சொல்லவில்லை.

பிறகு ஏன் இந்தப் பயம்? எதிரி பார்த்துவிடுவான் என்பதைவிடக் குடிமக்கள் பார்த்துவிடுவார்கள் என்ற பயம் சில அரசுகளுக்கு அதிகம் என்பதே என் முடிவு. இதற்குச் சான்று காலித் எல்-மஸ்ரியின் வழக்கு. லெபனான் வம்சாவளி ஜெர்மன் குடிமகனான அவரை 2003 டிசம்பர் 31 அன்று மாசிடோனிய எல்லையில் பிடித்தார்கள். தேடப்பட்ட வேறொருவரின் பெயரோடு அவர் பெயர் ஒத்துப்போனது அவர் செய்த குற்றம். 23 நாள் ஒரு ஓட்டல் அறையில் அடைத்துவைத்து, பிறகு ஸ்கோப்யே விமான நிலையத்தில் அமெரிக்காவின் சிஐஏவிடம் ஒப்படைத்தார்கள். அவரை ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோய் ரகசியச் சிறையில் வைத்தார்கள். ஆள் மாறிவிட்டது என்று தெரிந்த பிறகு, 2004 மே மாதம், அல்பேனியாவில் ஒரு சாலையோரம் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அவர் சொன்னதை யார் நம்புவார்கள்?

அவரைச் சுமந்துபோனது என்313பி என்ற பதிவு எண் கொண்ட போயிங் 737. அதே 2004 ஜனவரியில் ஸ்பெயினின் மயோர்காத் தீவில், பால்மா விமான நிலையத்தில், பொழுதுபோக்காகப் படமெடுக்கும் ஒருவர் தினமும் எடுக்கும் மற்ற விமானங்களைப் போல இதையும் எடுத்துவைத்திருந்தார். ஸ்கோப்யேவுக்குப் போவதற்கு முன் அந்த விமானம் நின்ற இடம் பால்மா. பத்திரிகையாளர்கள் இத்தகைய படங்களையும் பயணப் பதிவுகளையும் எல்-மஸ்ரியின் வாக்குமூலத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது நாளும் இடமும் பொருந்தின. விமானத்தின் உரிமையாளர் என்று பதிவேட்டில் இருந்த மாசசூசெட்ஸ் நிறுவனம் பெயருக்கு மட்டுமே இருந்தது. ஆட்களைக் கடத்திப்போய்ச் சித்திரவதைக்கு ஒப்படைத்த இந்த விமானங்களின் தடத்தை உலகம் அறிந்துகொண்டதில், வேலியோரம் நின்று எண் குறித்தவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2012 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் எல்-மஸ்ரி சொன்னதை ஏற்று, மாசிடோனியா அவருக்கு 60,000 யூரோ தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பால்மாவில் அன்று அந்தப் படத்தை எடுத்தவரையும் யாராவது உளவாளி என்று பிடித்திருந்தால் லாபம் யாருக்கு?

நம் நாட்டுக்கு வருகிறேன். 2010 பிப்ரவரியில் டெல்லி விமான நிலையத்தருகே ஓட்டலில் தங்கியிருந்த இரண்டு பிரிட்டிஷ் விமானப் பிரியர்கள், ஜன்னல் வழியே விமானங்களைப் பார்த்ததற்காகப் பிடிபட்டார்கள். பைனாகுலர், கேமரா, விமானிகளின் பேச்சைக் கேட்கும் வானொலிக் கருவி ஆகியவை அவர்களிடம் இருந்தன. தீவிரவாதிகள் என்ற பேச்சு எழுந்தது. முடிவில் நிலைத்தது அனுமதியின்றி வானொலி கேட்ட குற்றம் மட்டும். அபராதம் கட்டிவிட்டுப் போனார்கள். அனுமதி வாங்காமல் கருவி வைத்திருந்தது தவறு, அதை மறுக்க மாட்டேன். அதற்கும் தீவிரவாதத்துக்கும் என்ன உறவு?

1937ஆம் ஆண்டு விமான விதிகளில் 13ஆவது விதி, அரசு விமான நிலையத்திலும் பறக்கும் விமானத்திலிருந்தும் அனுமதியின்றிப் படமெடுப்பதைத் தடுக்கிறது. வெளியே பொதுச் சாலையில் நிற்பவரைப் பற்றி அதில் தெளிவாக எதையும் எழுதிவைக்காததால், அங்கே அன்றைக்குப் பணியில் இருக்கும் காவலரின் மனநிலைதான் சட்டம். அதிலும் கேமரா வைத்திருப்பவர் இஸ்லாமிய இளைஞராகவோ கசங்கிய சட்டைக்காரராகவோ இருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையே ரஃபேல், தேஜஸ், சுகோய் என்று அணிவகுத்துப் பறக்கவிட்டு லட்சக்கணக்கானவர்களை அழைத்தது. (வெயிலும் நெரிசலும் அன்று ஐந்து உயிர்களைக் கொண்டுபோயின; அந்தத் துயரத்தை மறக்க முடியாது.) கூடியிருந்தவர் எல்லாரும் படமெடுத்தார்கள். கடற்கரையில் பெருமிதமாக இருந்த அதே படம் தாம்பரத்துச் சாலையில் எப்படித் துரோகமாகும்?

போர்க்காலம் வேறு. 2022 மார்ச்சில் உக்ரைன் தன் படை நகர்வுகளைப் படமெடுத்துப் பரப்புவதைக் குற்றமாக்கியதில் நியாயம் இருக்கிறது. 2025 மே மாதம் நம் நாட்டில், படைத்தளங்களைப் பயன்படுத்தும் விமானங்கள் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் ஜன்னல் திரையை மூடச் சொன்னார்கள். எந்த இடம், எந்த நேரம், என்ன தடை என்று அந்த ஆணை சொல்லியது. அப்படிச் சொல்லும் கட்டுப்பாட்டை ஆர்வலர்கள் மதிக்கிறார்கள். போர்க்காலப் படங்களை உடனே வெளியிடக்கூடாது என்பது அவர்களில் பொறுப்பானவர்கள் தாமே கடைப்பிடிக்கும் ஒழுக்கம். கண்ணில் பட்டவரையெல்லாம் சந்தேகிப்பதற்குக் கட்டுப்பாடு என்று பெயர் இல்லை.

வேறு வழி தெரிந்த நாடுகள் இருக்கின்றன. மான்செஸ்டரில் ஓடுபாதையை ஒட்டிப் பார்வையாளர் பூங்காவே அமைத்து, ஓய்வுபெற்ற ஒரு கான்கார்டையும் அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். டோக்கியோ ஹனேடாவில் முனைய மொட்டை மாடியில் குழந்தைகளோடு நின்று பார்க்கலாம். கனடாவிலும் சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்திலும் ஆர்வலர்களையே பதிவு செய்துகொண்டு, மதிலோரம் சந்தேகத்துக்குரியது எதையும் கண்டால் சொல்லும்படி காவல்துறை கேட்டுக்கொள்கிறது. எந்நேரமும் அங்கேயே நிற்பவர்களைவிட நல்ல காவல் எங்கே கிடைக்கும்?

சென்னையிலும் கோவையிலும் இப்படி ஓர் இடத்தை ஒதுக்க ஆகும் செலவு மிகச் சிறியது. பொதுச் சாலையிலிருந்து எதைப் படமெடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்று தமிழில் எழுதி ஒரு பலகை வைக்க அதைவிடக் குறைவாகவே ஆகும். விமானப் போக்குவரத்துத் துறையும் காவல்துறையும் இந்த இரண்டையும் செய்ய வேண்டும். நீங்களும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை பல்லாவரத்துப் பக்கம் கேமராவோடு ஒரு பையனைப் பார்த்தால், போனை எடுப்பதற்கு முன் அவன் பக்கத்தில் போய், "தம்பி, இது எந்த ஊர் பிளேன்?" என்று கேளுங்கள்.