காப்பிக் கொட்டையும் கை நோவும்

தை மாதம் 5-ஆம் நாள் மணலூர்பேட்டைக்குப் போயிருக்கிறவர்களுக்கு அவ்வூர் ஆற்றுத் திருவிழாவைப் பற்றி நாம் விஸ்தரிக்க வேண்டியதில்லை. அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து எழுந்தருளித் தென்பெண்ணையில் தீர்த்தவாரி கண்டருளும் தினம் அது. சுற்று வட்டாரத்து ஜனங்கள் எல்லோரும் அன்று ஆற்று மணலில்தான் இருப்பார்கள். ஊருக்குள் வீடு வைத்திருப்பவர்களின் பாடு இன்னும் விசேஷம். உறவினர் வருவார்கள், உறவினருக்கு உறவினரும் வருவார்கள். வந்தவர்களுக்கு முதல் உபசாரம் காப்பி.

சென்ற திருவிழாவுக்கு நாமும் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் காப்பி விஷயத்தில் மகா நிபுணர். கடையில் அரைத்த பொடியை வீட்டு வாசற்படி ஏற விடமாட்டார். சில மாதங்களுக்கு முன்பு பல்சக்கரம் வைத்த மின்சார அரைவை யந்திரம் ஒன்றைப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தார். நாம் திண்ணையில் உட்கார்ந்ததும் காப்பி வருவதற்கு முன்னால் யந்திரத்தைப் பற்றிய பிரசங்கம் வந்தது.

பிரசங்கம் முடியுமுன்பே உள்ளேயிருந்து மனிதர்களும் வந்தார்கள். நாற்பது பேருக்குக் காப்பி வேண்டும். நானூறு கிராம் கொட்டையாவது அரைபட வேண்டும். நண்பர் கொட்டையைக் கொட்டி விசையை அழுத்தினார். யந்திரம் 'கர்' என்று கிளம்பிற்று. பாதிக் கொட்டை பொடியாவதற்குள் நடுவழியில் படுத்துக்கொண்டுவிட்டது. தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். "போச்சு ஸார்!" என்று நம்மைப் பார்த்த பார்வை மிகவும் பரிதாபமாயிருந்தது.

அவருடைய தாயார் அதற்கெல்லாம் அசையவில்லை. "பரண்மேலே பழைய மெஷின் இருக்கு, எடுத்துக்கோப்பா" என்றார். மேஜை விளிம்பில் திருகி மாட்டுகிற இரும்புக் கை யந்திரம் தூசியோடு இறங்கிற்று. வழக்கம்போல் அம்மாள் கைப்பிடியைப் பிடிக்கப் போனார். ஆனால் வலது தோளைத் தூக்க முடியவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றுவிட்டார். மருமகளோ அடுப்படியில் பாலோடு போராடிக் கொண்டிருந்தார். வேறு வழியின்றி நிபுணரே சுற்றத் தொடங்கினார். ஐந்து நிமிஷத்தில் சட்டை நனைந்தது. பத்து நிமிஷத்தில் கை மாற்றினார்.

"நாற்பது வருஷம் அதை நான் சுற்றியிருக்கிறேன். அது ஒருநாளும் நின்றதில்லை. மூச்சு வாங்கி நின்றதெல்லாம் நான்தான்" என்றார் தாயார். அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும் நண்பர் அதற்கப்புறம் பிரசங்கம் செய்யவில்லை.

யந்திரம் கெட்டுப்போகவில்லை என்பது அரை மணி கழித்துத் தெரிந்தது. மோட்டார் மிதமிஞ்சிச் சூடானால் தானே நின்று, ஆறியபின் மீண்டும் ஓடும்படியான ஏற்பாடு அதில் இருந்தது. வீட்டு உபயோகத்துக்கென்று செய்யப்பட்ட யந்திரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அரைப்பதற்கு உரியவை. எவ்வளவு நேரம் ஓட்டலாம், எவ்வளவு நேரம் ஓய்வு கொடுக்கவேண்டும் என்று கூட வரும் சிறு புஸ்தகத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் புஸ்தகத்தைத்தான் நாம் பெட்டியோடு பரணில் போட்டு விடுகிறோமே!

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு இவ்வித யந்திரத்தை யார் வாங்கலாம், எப்படிப் பொறுக்குவது, எப்படி உபயோகிப்பது என்று நேயர்களுக்கு எழுதுவது நம் கடமை என்று தோன்றியது.

காப்பி நமக்கு ஆதியிலிருந்து சொந்தமான பானமல்ல. பாபா புதன் என்ற முஸ்லிம் பெரியார் பதினேழாம் நூற்றாண்டில் அரபு நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது கர்ண பரம்பரை. மணலூர்பேட்டைக்காரர்களுக்குக் கொஞ்சம் பக்கத்தில் பார்க்கவேண்டுமானால், கல்வராயன் மலைக்கு மேற்கே இருக்கும் சேர்வராயன் மலையில், 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்ற துரை காப்பியைப் பயிராக்கினார். பிற்பாடு அது நம் அடுப்படிக்குள் நுழைந்தபோது, பழைய சோற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஜாதி கெட்டுப் போயிற்று என்று வைதவர்கள் பலர். வைதவர்களின் பேரப் பிள்ளைகள்தான் இன்று 'டிகாக்ஷன் சரியாக இறங்கவில்லை' என்று முகம் சுளிக்கிறார்கள்.

டிகாக்ஷன் சரியாக இறங்குவதும் இறங்காததும் பெரும்பாலும் பொடியைப் பொறுத்தது. இதை விளக்க நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வேண்டியதில்லை. இட்டிலி மாவை மிக்ஸியில் அரைப்பதற்கும் கல் கிரைண்டரில் அரைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குத் தெரியும். கோயம்புத்தூர்க் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு என்ற கௌரவம் கிடைத்திருப்பது சும்மா இல்லை. மிக்ஸியின் கத்தி அகப்பட்டதை வெட்டுகிறது. அகப்பட்டது மாவாகிறது, தப்பியது குறுணையாகக் கிடக்கிறது. காப்பிக் கொட்டைக்கும் அதே கதிதான். மாவான பகுதியிலிருந்து கசப்பு மிகுதியாக இறங்கும். குறுணையிலிருந்து சாரம் இறங்காது. இரண்டும் சேர்ந்த காப்பியில் கசப்பும் இருக்கும், சப்பென்றும் இருக்கும்.

பல்சக்கர யந்திரம் நம் திரிகையின் பேத்தி. பல் வெட்டிய இரண்டு உருக்குத் துண்டுகள். ஒன்று நிலையாய் நிற்க, மற்றொன்று சுழலும். இடையிலுள்ள சந்து எவ்வளவோ அவ்வளவுதான் பொடியின் பருமன். அந்தச் சந்தினுள் நுழையும்படி நொறுங்கினாலொழியக் கொட்டைக்கு விமோசனம் இல்லை. ஆகையால் பொடி பெரும்பாலும் ஒரே சீராக விழுகிறது. சந்தைக் குறைக்கவும் கூட்டவும் ஒரு வளையம் உண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ருசியைத் தருவது பல், மோட்டார் அல்ல. பரணிலிருந்து இறங்கிய கை யந்திரத்திலும் இதே பல்தான் இருக்கிறது. மின்சாரத்துக்காக நாம் கொடுக்கும் அதிகப் பணம் ருசிக்கு விலையல்ல. ஒருவருடைய கை உழைப்புக்கு விலை. எனவே, வாங்குமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, 'நம் வீட்டில் யாருடைய கை சுற்றுகிறது?' என்பது. தம்பதிகள் இருவர் மட்டும் உள்ள வீட்டில் இருபது கிராம் அரைக்க நல்ல கை யந்திரம் தாராளமாய்ப் போதும். எட்டுப் பேர் உள்ள வீட்டில், அதுவும் வயதானவர் ஒருவரே சுற்றுகிறார் என்றால், மின்சாரம் ஆடம்பரம் அல்ல, தர்மம். இரண்டுக்கும் இடமில்லாதவர்கள் கடையில் தம் கண் முன்னால், ஒரு வாரத்துக்குப் போதுமான அளவு மட்டும் அரைத்து வாங்கினால், அதுவும் கௌரவமான காப்பியே.

வாங்குவதென்று தீர்மானித்தவர்கள் கடையில் மூடியைத் திறந்து காட்டச் சொல்லவேண்டும். 'காப்பி கிரைண்டர்' என்று பெயர் போட்ட பெட்டிக்குள் காற்றாடி போன்ற கத்தி ஒன்று மட்டும் இருந்தால், அது குட்டி மிக்ஸி, கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். பல்சக்கரம் கூம்பு வடிவமாகவும் இருக்கலாம், தட்டையாகவும் இருக்கலாம். வீட்டுக்கு இரண்டும் சரியே. ஆனால் பல் தேய்ந்தால் மாற்றுப் பல் கிடைக்குமா, பழுது பார்க்கத் திருக்கோவிலூரிலோ திருவண்ணாமலையிலோ ஆள் உண்டா, அல்லது மூட்டை கட்டிச் சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்பதைக் கேட்டே தீரவேண்டும். மேலும், நம் பில்டருக்கு வேண்டிய நைஸான பொடி அதில் விழுமா என்றும் பார்க்கவேண்டும். சில மலிவு யந்திரங்களில் கடைசி அடையாளம் வரை திருகினாலும் ரவைதான் விழுகிறது.

அமெரிக்காவிலிருந்து பிள்ளையோ பெண்ணோ ஆசையாய்க் கொண்டுவரும் யந்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. சுவரில் செருகும் முனையை மாற்றித் தரும் சிறு சாமான், வோல்ட்டை மாற்றித் தராது. பாசத்தோடு வந்த பரிசு ஒரே நிமிஷத்தில் புகையாய்ப் போய்விடும். யந்திரத்தின் அடியில் எழுதியிருப்பதைப் படித்த பிறகே செருகுவது விவேகம்.

இனி உபயோகம். முதலில் கொட்டையை முறத்தில் பரப்பிக் கல் பொறுக்குங்கள். அரிசியில் கல் இருந்தால் நம் பல் போகும்; காப்பிக் கொட்டையில் இருந்தால் யந்திரத்தின் பல் போகும். வறுக்காத பச்சைக் கொட்டையை இதில் போடவே கூடாது. அது மிகவும் கடினம். மோட்டார் திணறி நின்றுவிடும். மிளகாய், மஞ்சள் முதலியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பொடி எவ்வளவு நைஸாக இருக்கவேண்டும்? பொடியுப்பைவிடச் சற்று நைஸாக இருக்கட்டும். ஆனால் விரலில் மாவாக ஒட்டக்கூடாது. கண்ணைவிடக் கடிகாரம் நல்ல சாட்சி. 20 கிராம் பொடியைப் பில்டரில் இட்டு, கொதித்து இறக்கிய வெந்நீர் 150 மில்லி விடுங்கள். கால் மணியிலிருந்து இருபது நிமிஷத்துக்குள் டிகாக்ஷன் இறங்கினால் யந்திரம் சரியான நிலையில் இருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் ஓடிவிட்டால் பொடி பருமன். வளையத்தை ஓர் அடையாளம் நைஸ் பக்கம் திருப்புங்கள். ஒரு மணி கழித்தும் மேலே குளம் கட்டி நின்றால் எதிர்ப் பக்கம் திருப்புங்கள். நைஸ் பக்கம் திருப்பும்போது, பல்லிடையில் கொட்டை சிக்காதபடி யந்திரம் ஓடிக்கொண்டிருக்கட்டும். கொட்டையையும் அளவையும் மாற்றாமல், ஒரு தடவைக்கு ஓர் அடையாளம் மட்டுமே மாற்றவேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுகிறவர்களுக்கு எதனால் கெட்டது என்று ஒருநாளும் தெரியாது.

சிக்கரி சேர்ப்பவர்கள் அதைத் தூளாகவே வாங்கி, அரைத்த காப்பியோடு பிறகு கலக்கட்டும். சிக்கரி ஈரத்தை இழுத்துப் பல்லில் அப்பிக்கொள்ளும். நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் நம் நாக்கு கேட்பதில்லை. கடைக் கலவையிலோ, காப்பி 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது என்றும், விகிதத்தைப் பொட்டலத்தின்மேல் அச்சிடவேண்டும் என்றும் உணவுச் சட்டம் விதிக்கிறது. வீட்டில் அரைப்பவர்களுக்கு உள்ள பெரிய லாபமே இதுதான்: காப்பியின் விலை கொடுத்துச் சிக்கரியைக் குடிக்க வேண்டியதில்லை.

கொட்டையை யந்திரத்தின் தலையிலேயே நிரப்பி வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் இருட்டில் வைத்து, அவ்வப்போது வேண்டியதை மட்டும் அளந்து போடுங்கள். வறுத்த கொட்டை சில வாரங்கள் மணம் காக்கும். பொடியான பிறகு மணம் விரைவில் பறந்துவிடும். ஒரு மாதத்துப் பொடியை ஞாயிற்றுக்கிழமையே அரைத்து வைத்துக்கொள்ள இந்த யந்திரம் எதற்கு? பொடி நாலாபக்கமும் பறந்து ஒட்டுகிறதென்றால், அரைக்குமுன் கொட்டையின்மேல் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் கிளறினால் அடங்கிவிடும். வாரம் ஒரு முறை, மின்சார முனையைப் பிடுங்கிவிட்டு, மேற்பல்லைக் கழற்றித் தூரிகையால் துடைக்கவேண்டும். உருக்குப் பல்லுக்குத் தண்ணீர் ஆகாது, துருப் பிடிக்கும். ஒட்டியிருக்கும் பழைய எண்ணெய்ப் பசை சிக்கு வாடை அடித்து, புதுக் கொட்டையையும் கெடுத்துவிடும்.

திருவிழாவுக்குப் பிறகு அண்மையில் மறுபடியும் மணலூர்பேட்டை நண்பரைப் பார்க்க நேர்ந்தது. யந்திரம் எப்படியிருக்கிறது என்று விசாரித்தோம். "நன்றாயிருக்கிறது ஸார். நூறு கிராம் அரைத்தால் பத்து நிமிஷம் விட்டுவிடுகிறேன். விசேஷ நாளுக்கு மட்டும் கை மெஷின்" என்றார்.

"கை மெஷினை யார் சுற்றுகிறது?" என்றோம்.

நண்பர் பதில் சொல்லவில்லை. உள்ளேயிருந்து தாயார்தான் சொன்னார்: "அவன்தான். இப்போதெல்லாம் காப்பி எப்படி இருந்தாலும் குறை சொல்கிறதில்லை."