சைக்கிளை மறந்தவர்கள் நாம்

தெருமுனையில் பால் வாங்கக்கூட நாம் பைக்கை எடுக்கிறோம். யாரும் நம்மை வற்புறுத்தவில்லை. சௌகரியமாக இருந்தது, பழகிவிட்டோம்.

சைக்கிள் நமக்குப் புதிதா என்ன? குரங்குப் பெடல் போட்டுத்தான் நம்மில் பலர் சாலையையே அறிந்தோம். 1991-இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கல்குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், கிராமச் செவிலியர்கள். பேருந்துக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருந்தவர்கள், தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் வைத்துக்கொண்டு தாங்களே கிளம்பினார்கள். அதைப் படித்துப் பெருமைப்பட்டோம்.

பெருமைப்பட்ட நாம் வீட்டில் என்ன செய்தோம்? பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியைப் பிள்ளை பள்ளி முடியும்வரை ஓட்டியது. பிறகு அது மாடிப்படிக்குக் கீழே போயிற்று. ஹேண்டில்பாரில் ஈரத்துண்டு காய்கிறது, கேரியரில் பழைய பேப்பர் கட்டு ஏறியிருக்கிறது. “காலேஜுக்குமா சைக்கிள்?” என்று பல வீடுகளில் முதலில் கேட்டது நாம்தான். தவணையில் பைக் வந்தது. சைக்கிளில் போகிறவரைக் கஷ்டப்படுகிறவராகவே பார்க்கக் கற்றுக்கொண்டோம், பிள்ளைக்கும் கற்றுக்கொடுத்தோம்.

கல்லூரி வளாகங்களில் விடுதிக்கும் வகுப்புக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர்கூட இராது. அதற்கும் பைக். மரநிழல் கார்களுக்கு, மிச்சமிருக்கும் சில சைக்கிள்கள் வெயிலில் நிற்கின்றன, சீட்டில் கை வைக்க முடிவதில்லை. ஆசிரியராக, பெற்றோராக, பழைய மாணவராக அங்கே போய்வருகிற நாம் அதைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுகிறோம்.

போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் ஒதுக்குவது என்று சென்னை மாநகராட்சி 2014-இல் கொள்கை வகுத்தது. அது என்ன ஆயிற்று என்று நம்மில் எத்தனை பேர் கவுன்சிலரைக் கேட்டோம்? ஓரமாகச் சைக்கிள் போகும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு, “அஞ்சு நிமிஷம்தான்” என்றோம். அந்த நேரத்தில் பள்ளி விட்டு வரும் சிறுமி, பின்னால் பேருந்து ஹாரன் அடிக்க, நடுச்சாலைக்கு விலகிப் போக வேண்டியிருக்கிறது. பிறகு, “இந்த ரோட்டில் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்பப் பயமாயிருக்கிறது” என்றும் நாமே சொல்கிறோம். பயம் நியாயமானதுதான். அந்தச் சாலையை அப்படி ஆக்கியதில் நமக்கும் பங்கு உண்டு.

கைமீறிப் போய்விடவில்லை. வருஷக்கணக்கில் நின்ற சைக்கிளுக்குப் பல நேரம் வால்ட்யூப்தான் காய்ந்து போயிருக்கும். பஞ்சர் கடைக்காரர் அதை மாற்றுவார். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைத் தேய்த்து ஒட்டுப் போடுவார். செயினுக்கு எண்ணெய் விடுவார். பக்கத்து வேலைகளுக்கு அது போதும். கல்லூரியில் வேலை பார்க்கும் நாம் நம் காரை நிழலிலிருந்து முதலில் நகர்த்தலாம். அங்கே சைக்கிள்களுக்கு ஒரு கூரையும் வாசலில் ஒரு காற்றடிக்கும் பம்பும் வேண்டும் என்று அடுத்த பெற்றோர் கூட்டத்திலேயே கேட்கலாம். பிள்ளை வாய்திறப்பதற்கு முன்பே பைக்குக்கு முன்பணம் கட்டாமலும் இருக்கலாம்.