ஏரிப் பாசியைச் சோதிக்க வேண்டும்

ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய பென்னலூர் வட்டாரத்தில் ஏரி மாசு என்றாலே ஆலைக் கழிவைத்தான் பேசுகிறோம். வீட்டுக் கழிவுநீரும் கவலைக்குரியதே. வல்லம் வடகாலில் 2024-இல் திறக்கப்பட்ட ஒரு தொழிலாளர் விடுதி வளாகம் மட்டுமே 18,720 பேருக்கானது. பெருகிவரும் குடியிருப்புகளின் கழிவு சுத்திகரிக்கப்படாமல் ஏரியில் கலந்தால், அதிலுள்ள பாஸ்பரஸும் நைட்ரஜனும் நீலப்பச்சைப் பாசிக்குத் தீனி. காற்று தள்ளும் கரையோரம் பச்சை பெயிண்ட் கொட்டியதுபோல் அது ஒதுங்கும். அதில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகை இருந்தால், ஏழு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த மைக்ரோசிஸ்டின் என்ற கல்லீரல் நஞ்சு உருவாகலாம். 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில், டயாலிசிஸுக்குப் பயன்படுத்திய நீரில் இந்த நஞ்சு கலந்திருந்ததால் ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்துபோனார்கள்.

எல்லாப் பாசியும் நஞ்சல்ல என்பார்கள். உண்மைதான், ஆனால் எது நஞ்சு என்று கண்ணால் பிரித்தறிய முடியாது. கொதிக்கவைத்தால் போதும் என்பது ஆபத்தான நம்பிக்கை: நஞ்சு சிதையாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். குளோரின் நஞ்சைச் சிதைக்கும், ஆனால் அவசரப்பட்டுப் போட்டால் முதலில் பாசி செல்லை உடைத்து உள்ளிருப்பதை நீரில் விட்டுவிடும். செல்லை முழுதாக வடிகட்டிய பிறகு போடுவதே முறை. இது இந்த வட்டாரத்தோடு நிற்கும் சிக்கலும் அல்ல: ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரிநீர் சேருமிடம், சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம். சோதனைக்கு ஆகும் செலவைக் காரணம் காட்டுவதும் எடுபடாது. முதலில் நுண்ணோக்கியில் பார்த்து, பாசி பெருகியிருந்தால் மட்டும் நஞ்சை அளக்கலாம். 2014-இல் அமெரிக்காவின் டொலிடோ நகரம் லட்சக்கணக்கானோரைக் குழாய்நீர் குடிக்காதீர்கள் என்று எச்சரிக்க முடிந்தது, அங்கே சோதனை நடந்ததால்தான். கோடை மாதங்களில் வாரம் ஒருமுறை இங்கும் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிவைக்க வேண்டும்.