மருந்தன்று, நஞ்சு!

உயிர் காப்பது மருந்து. உயிர் போக்குவது நஞ்சு. இவ்வேறுபாட்டை அறியாதார் எவருமிலர். ஆயினும், பயிருக்குத் தெளிக்கும் கொடுநஞ்சை மட்டும் நாம் 'பூச்சி மருந்து' என்றே வழங்கி வருகின்றோம். 'மருந்தடிக்கப் போகின்றேன்' என்று கூலிக்குச் செல்லும் உழவுத் தொழிலாளி மருந்துக்கு ஏன் அஞ்சுவான்? வெறுங்கையால் கலக்குகின்றான், நனைந்த சட்டையோடு மாலைவரை தெளிக்கின்றான், அக்கையாலேயே சோறும் உண்கின்றான். வடசொற் களைதல் மட்டுமே தூய்மையன்று. பொருளைப் பொய்யாக்காத சொல்லை வழங்குதலும் தூய்மையே.

2017ஆம் ஆண்டு மராட்டிய மாநிலத்து யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு நஞ்சு தெளித்தோருள் இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் கிடந்துழன்றனர். அதே ஆண்டில் நம் பெரம்பலூர்ப் பகுதியிலும் நஞ்சு தெளித்த உழவர் சிலர் உயிரிழந்தனர்.

இந்நஞ்சுகளுள் கரிமப் பாசுவர வகை, நரம்பின் ஏவலை அளவோடு நிறுத்தும் நொதியை முடக்குவது. கண்ணின் பாவை சுருங்கும்; வாய்நீரும் வியர்வையும் பெருகும்; முற்றினால் மூச்சு நிற்கும். அந்நொதி குறைவதைக் குருதி ஆய்வால் அறியலாம். ஆனால் அதன் இயல்பளவு ஆளுக்காள் வேறுபடும். ஆகவே, தெளிப்புப் பருவத்திற்கு முன்பே ஒருமுறை அளந்து வைத்தாலன்றிப் பின்னர் அளப்பதால் முழுப்பயன் விளையாது.

இஃது அரசு அறியாததன்று. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் 1971இல் வகுத்த நெறிகள், தெளிப்போரைப் பணியமர்த்துமுன்னும், பின்னர் ஆண்டுக்கொரு முறையும் மருத்துவர் ஆய்ந்து பதிவேட்டில் எழுதுதல் வேண்டும் என்றன. இன்று ஒரு காட்டிலும் நாளை வேறொரு காட்டிலும் தெளிக்கும் கூலியாளுக்கு முதலாளி யார்? அவன் பெயர் எழுதிய பதிவேடு எங்கே? குப்பியிலுள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நிறங்கள் நஞ்சின் கடுமையை முறையே இறங்குமுகமாகக் காட்டுவன. பச்சையும் நஞ்சே என்று அவனுக்கு எவர் எடுத்துரைத்தார்?

நாம் கேட்பன மூன்று. ஊர்தோறும் நஞ்சு தெளிப்போர் பெயர்களை ஊராட்சியே பதிதல் வேண்டும். பருவத்திற்கு முன்னும் பின்னும் அரசு மருத்துவ நிலையங்களில் விலையின்றிக் குருதி ஆய்தல் வேண்டும். குப்பியின் முகப்பில், கண்ணுக்குத் தெரியும் பேரெழுத்தில், 'நஞ்சு' என்று நல்ல தமிழில் பொறித்தல் வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று நாம் வாளா இருத்தலாகாது. மருந்தென்னும் பொய்ச்சொல்லை இன்றே நம் வாயினின்று நீக்குவோம். சொல் திருந்தினால் அச்சம் பிறக்கும். அச்சம் பிறந்தால் காப்புப் பிறக்கும். அஞ்சுவது அஞ்சல் அறிவுடைமை!