படிக்கப் பிடிக்காதவன் யார்?

நம் மக்களுக்குப் படிப்பில் ருசி இல்லை என்றும், புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கொட்டாவி விடுகிறார்கள் என்றும், இவர்களுக்காகப் படிப்பகம் திறப்பதும் புத்தகம் அச்சிடுவதும் வீண் செலவு என்றும் பேசுகிறவர்கள் அநேகர் இருக்கிறார்கள். அவர்களில் நமது தோழர்களும் சிலர் உண்டு என்பதுதான் நமக்கு வருத்தம் தருகிறது. எழுத்தே தெரியாத காலத்தில் இப்படிச் சொல்லியிருந்தால் அதற்கு ஒரு சமாதானமாவது இருந்திருக்கும். 2011ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 80 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். எழுத்துத் தெரிந்த பிறகும் ஒருவன் புத்தகத்தைத் தொடுவதில்லை என்றால், அவனை ஏசுவதற்கு முன் காரணத்தையல்லவா யோசிக்க வேண்டும்?

கைப்பேசி வந்து கெடுத்துவிட்டது என்பார்கள். கைப்பேசியில் வருகிற ராசி பலனை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவனுக்குப் படிக்கப் பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

புத்தகம் என்றால் இன்னதென்று அவனுக்கு யார், எப்படிக் கற்றுக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். சிறு பிள்ளையில் புத்தகத்தில் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள் என்றார்கள். வருஷத்துக்கு ஒருநாள் வீட்டிலுள்ள புத்தகங்களையெல்லாம் அடுக்கிச் சந்தனம் தெளித்துக் குங்குமம் வைத்து, அன்றைக்கு மாத்திரம் யாரும் ஒரு எழுத்தும் படிக்கக் கூடாது என்றார்கள். கல்விக்கென்று ஒரு தெய்வம், அந்தத் தெய்வத்துக்கு ஒரு திருநாள், அந்தத் திருநாளில் படிப்பு விலக்கு! மற்ற நாளில் பள்ளிக்கூடத்திலோ மனப்பாடம், பரீட்சை, பிரம்பு. புத்தகத்தைக் கும்பிடவும் புத்தகத்துக்குப் பயப்படவும் மாத்திரமே ஒருவனைப் பழக்கிவிட்டு, பிறகு அவன் அதன்மீது ஆசைப்படவில்லையே என்று ஆச்சரியப்படுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

நமக்குத் தெரிந்த நெசவாளித் தோழர் ஒருவர் உண்டு. ஐந்தாவது வரை படித்தவர். படிப்பகத்துக்கு வருவார், பத்திரிகையில் படம் பார்ப்பார், யாராவது வாய்விட்டு வாசித்தால் உட்கார்ந்து கேட்பார். தாமாக ஒரு பக்கம் படித்தவரல்ல. “எழுத்தைப் பார்த்தால் தூக்கம் வருகிறது, தோழரே” என்பார். நாம் பல வருஷ காலமாகக் கொடுத்த சிறு வெளியீடுகளில் இரண்டை மடித்து, தறி ஆடாமலிருக்க முட்டுக் கொடுத்திருந்ததை நாமே நேரில் கண்டோம்.

அவருடைய தகப்பனார் காலமானார். பங்காளிகளின் வற்புறுத்தலுக்காகப் பதினாறாம் நாள் கருமாதிக்குப் புரோகிதரை அழைத்தார்கள். அவர் பசு, குடை, செருப்பு, படுக்கை என்று ஜாபிதா கொடுத்தார். பசுவுக்குப் பதில் ரொக்கம் என்று பேரம் முடிந்தது. “இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது, சாமி?” என்று நம் தோழர் கேட்டார். “கருட புராணத்தில் இருக்கிறது; அதெல்லாம் உனக்கு விளங்காது” என்று பதில் வந்தது.

அந்த “விளங்காது” என்கிற சொல்தான் வேலை செய்தது. நாம் பல வருஷம் படி, படி என்று உபதேசித்து நடக்காத காரியம் புரோகிதருடைய ஒரு சொல்லில் நடந்துவிட்டது! மறுவாரமே கிளை நூலகத்துக்குப் போய்க் கருட புராணத்தின் தமிழ் வசனப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். தறி நின்ற பிறகு இரவில், வரிக்கு அடியில் விரலை வைத்து உதடு அசைய எழுத்துக் கூட்டிப் படித்தார். வீட்டிலுள்ளவர்கள் சிரித்தார்கள். தவணையைப் புதுப்பித்துப் புதுப்பித்து, முடிக்க ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று.

முடித்த அன்று நம்மிடம் வந்தார். “பசு, குடை, செருப்பு எல்லாம் இருக்கத்தான் இருக்கிறது. புரோகிதர் பொய் சொல்லவில்லை. ஆனால் இங்கே அவருக்குக் கொடுத்த செருப்பு அங்கே எங்கள் அப்பா காலுக்குப் போகும் என்றல்லவா போட்டிருக்கிறது? அது அவர் காலிலேயே இருப்பதை நேற்றுக் கடைத்தெருவில் பார்த்தேனே!” என்றார். பிறகு, “இதை எழுதினவன் யார்? எந்தக் காலத்தில் எழுதினான்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அந்தப் புத்தகத்தில் பதில் இல்லை. வேறு புத்தகம் வேண்டியிருந்தது. இரண்டாவது புத்தகம் பதினைந்து நாளில் முடிந்தது. அதிலிருந்து மூன்றாவது. இப்போது அவர் கதைப் புத்தகமும் படிக்கிறார். யாரையும் மறுப்பதற்காக அல்ல, ருசிக்காகவேதான். நூலகம் அரைமணி தாமதமாகத் திறந்தால் சண்டைக்குப் போகிறார்.

பெரியாருடைய சங்கதியும் ஏறக்குறைய இதுதான். 1879ல் ஈரோட்டில் பிறந்த அவர், பத்துப் பன்னிரண்டு வயதுக்குள் பள்ளிக்கூடத்தை விட்டுத் தகப்பனார் கடைக்கு வந்துவிட்டவர். வீட்டுக்கு வந்த பாகவதர்களையும் பண்டிதர்களையும் கேள்வி கேட்டு மடக்குவதில் உண்டான ருசிதான் அவரைப் புராணங்களுக்குள் இழுத்தது. பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளைதான் 1925ல் “குடி அரசு” நடத்த வந்தார்.

ஆகவே படிக்கப் பிடிக்காதவனுக்கு வேண்டியது புத்தகத்தின் பெருமையைப் பற்றிய பிரசங்கமல்ல. அவனிடத்தில் ஏற்கனவே ஒரு கேள்வி இருக்கிறது. வட்டிக் கணக்கோ, பெண்ணின் ஜாதகமோ, உடம்பில் ஒரு நோயோ, ஏதோ ஒன்று. அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் புத்தகத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். நூலகத் துறை அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் நமது இயக்கத்தவரல்ல. ஆயினும் 1931ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகம் உபயோகத்துக்கே என்பதுதான். அதே வருஷம் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் புத்தகத்தை மாட்டு வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அந்த நெசவாளி படித்த கருட புராணமும் அவரைப் போன்றவர்கள் கொடுத்த வரியில் வாங்கியதுதான்.

நிற்க, நமது படிப்பகங்களின் யோக்கியதையையும் சற்றுப் பார்ப்போம். எத்தனை ஊரில் அலமாரிக்குப் பூட்டு! செப்டம்பர் 17ந் தேதி பெரியார் நூல் தொகுதிகளை மேஜைமேல் அடுக்கி மாலை போட்டு, மறுநாள் மறுபடியும் உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள். சந்தனம் தெளிக்கவில்லை என்பதைத் தவிர இதற்கும் சரஸ்வதி பூசைக்கும் என்ன வித்தியாசம்? புத்தகம் கிழியட்டும், அழுக்காகட்டும், நாலு போனாலும் போகட்டும். மாலையில் அரைமணி யாராவது வாய்விட்டு வாசியுங்கள். ருசியான இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து வீட்டுக்குப் போங்கள். மீதியை அறியத் துடிக்கிறவன் புத்தகத்தைத் தானே எடுப்பான். முடித்தாயா என்று பரீட்சை வைக்காதீர்கள். படித்தவன் நம்மோடு சண்டைக்கு வந்தால் வரவேற்று உட்கார வையுங்கள்.

சென்ற வாரம் அந்த நெசவாளித் தோழர் நமது கழக வெளியீடு ஒன்றில் பென்சிலால் கோடு போட்டுக் கொண்டுவந்து, “இது எங்கே எழுதியிருக்கிறது, தோழரே?” என்று கேட்டார். அதற்கு ஆதாரமான புத்தகம் படிப்பக அலமாரியில்தான் இருக்கிறது. சாவி காரியதரிசியிடம் இருக்கிறது. காரியதரிசி வெளியூர் போயிருக்கிறார்.