ஆன்டிபாடி இருந்தும் பாதுகாப்பு இல்லை: எச்.ஐ.வி. ஏய்ப்பது எப்படி?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், நமது சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. அந்தப் பரிசோதனை தேடியது வைரஸை அல்ல. அதை எதிர்க்க உடல் உருவாக்கிய ஆன்டிபாடியை.

அப்படியானால் ஆன்டிபாடி இருந்தும் நோய் ஏன் அடங்கவில்லை?

முதல் காரணம், வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கும்போது ஓயாமல் பிழை செய்கிறது. அந்தப் பிழைகளால் அதன் வெளிப்புறம் மாறிக்கொண்டே இருக்கிறது. பழைய உருவத்தை அடையாளம் கண்டு ஆன்டிபாடி தயாராகி வருவதற்குள் வைரஸ் வேறு உருவத்துக்கு மாறிவிடுகிறது. இரண்டாவது, தன் மேற்புறத்தைச் சர்க்கரை மூலக்கூறுகளால் மூடிக்கொள்கிறது. அந்தச் சர்க்கரை நம் செல்களிலிருந்தே வருவதால் உடல் அதை அந்நியமாகக் கருதுவதில்லை. மூன்றாவது, எதிர்ப்புச் சக்தியை வழிநடத்தும் சிடி4 செல்களின் மரபணுவுக்குள்ளேயே புகுந்து உறங்குகிறது. செல்லுக்குள் ஒளிந்திருப்பதை ஆன்டிபாடியால் தொட முடியாது.

தடுப்பூசி இன்றுவரை கைகூடாததற்கும் இதுவே முக்கியக் காரணம். 2006-ல் சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையத்திலும் ஒரு தடுப்பூசியின் முதற்கட்ட ஆய்வு நடந்தது. பல நாடுகளில் நடந்த மொசைக்கோ ஆய்வு, பலன் இல்லை என்று 2023-ல் நிறுத்தப்பட்டது.

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மக்களுக்கு இதில் பாடம் உண்டு. துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர்களும், வெளிமாநிலத் தொழிலாளர்களும் மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து வாழும் பகுதி இது. தொற்றிய ஆரம்ப வாரங்களில் ஆன்டிபாடி உருவாகியிருக்காது. அப்போது பரிசோதித்து 'இல்லை' என்று வந்தால் நிம்மதியடைந்துவிடக் கூடாது. மூன்று மாதம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

அதேநேரம் நம்பிக்கை இழக்கவும் தேவையில்லை. ஏ.ஆர்.டி. மாத்திரைகள் ஆன்டிபாடியை நம்பி இயங்குவதில்லை. வைரஸ் பெருகும் வழியையே அடைக்கின்றன. 2004 முதல் அரசு இவற்றை இலவசமாகத் தருகிறது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அதே நிலை நீடித்தால் உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவாது. மாத்திரையை நிறுத்தினால் உறங்கும் வைரஸ் மீண்டும் எழும். 'முழுமையாகக் குணமாக்குகிறோம்' என்று விளம்பரம் செய்பவர்களை நம்பி மாத்திரையைக் கைவிடுவது ஆபத்து.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியுள்ளார்கள். பிறர் குறையைத் துருவி ஆராய்வதை மார்க்கம் தடுக்கிறது. 2018-ல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டமும் தொற்றுள்ளவரை வேலையிலிருந்து ஒதுக்குவதையும், சம்மதமின்றி அவர் நிலையை வெளியிடுவதையும் தடை செய்கிறது.

பலர் பரிசோதனைக்குப் போகத் தயங்குவது நோய்க்கு அஞ்சி அல்ல, மஹல்லாவின் பேச்சுக்கு அஞ்சி. அந்த அச்சம் இருக்கும்வரை வைரஸுக்கு ஒளிய நாமே இன்னோர் இடம் தருகிறோம். நமது ஜமாஅத்கள் ஒரு ஜும்ஆ உரையையாவது இதற்கு ஒதுக்கட்டும். இன்ஷா அல்லாஹ், அது சில உயிர்களைக் காக்கும்.